காலநிலை மாற்றமும் தமிழ் விக்கிப்பீடியாவும்: வன்னியிலிருந்து எழுதத் தொடங்குவோரின் கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்திலேயே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஆயினும் மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒரு மாணவர், புவி வெப்பமடைவதற்கும் தம் ஊர் மழைக்கும் என்ன தொடர்பு என்று தமிழில் தேடினால், நிறைவான விடை கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து இந்தக் குறையைத் தீர்க்க முன்வருவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

நான் விஞ்ஞானி அல்லேன். காலநிலை பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா?

உண்டு. விக்கிப்பீடியா எழுதுபவரின் பட்டத்தைக் கேட்பதில்லை. எழுதப்பட்ட கூற்றுக்குச் சான்று எங்கே என்றுதான் கேட்கிறது. பேராசிரியர் ஒருவர் சான்றின்றி எழுதிய வரி நீக்கப்படலாம். உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் சான்றோடு எழுதிய வரி நிலைத்து நிற்கலாம். சொந்தப் பெயரில் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. புனைபெயரில் கணக்குத் தொடங்கலாம். மாணவர்கள் தமது தொலைபேசி இலக்கத்தையோ வீட்டு முகவரியையோ பயனர் பக்கத்தில் இடக் கூடாது என்பதைப் பெற்றோரும் ஆசிரியர்களும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

நான் பல ஆண்டுகளாக வயல் செய்கிறேன். முன்னர் ஐப்பசியில் மழை பிடித்துவிடும்; இப்போது காலம் தப்பிப் பெய்கிறது. கண்ணால் கண்டதை எழுதக் கூடாதா?

வன்னியில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே, நியாயமான கேள்வியும்கூட. நீங்கள் கண்டது பொய் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே கட்டுரையில் எழுத முடியாது. ஏனெனில் தொலைவில் இருந்து படிக்கும் ஒருவர் அதைச் சரிபார்க்க வழியில்லை, சொந்த ஆய்வைக் கட்டுரையில் சேர்ப்பதில்லை என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. ஒரு நாள், ஒரு போகம், ஓர் ஆண்டு எப்படி இருந்தது என்பது வானிலை. உலக வானிலை அமைப்பு காலநிலையை வரையறுக்க வழமையாக 30 ஆண்டுகளின் சராசரியை எடுத்துக்கொள்கிறது. நமது காலபோக மழை வடகிழக்குப் பருவக்காற்றையும் அதற்கு முன்வரும் இடைப்பருவ மழையையும் நம்பியிருப்பது. அவை எல் நினோ போன்ற கடல்சார் மாற்றங்களால் ஆண்டுக்கு ஆண்டு இயல்பாகவே ஏறி இறங்குபவை. தொடர்ந்து சில போகங்கள் பிழைத்தாலும் அது இயல்பான ஏற்ற இறக்கமா, நீண்டகால மாற்றமா என்பதைப் பதிவேட்டைக் கொண்டுதான் சொல்ல முடியும்.

அப்படியானால் உங்கள் அனுபவம் வீணா? ஒருபோதும் இல்லை. எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். புதியவர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: “வன்னியில் இப்போதெல்லாம் மழை சரியாகப் பெய்வதில்லை. காலநிலை மாற்றமே இதற்குக் காரணம்.” இந்த இரண்டு வரிகளையும் சற்று நின்று பாருங்கள். வன்னி என்பது நான்கு மாவட்டங்கள். எந்த மழைமானி நிலையத்தின் கணக்கு? “இப்போதெல்லாம்” என்றால் எந்த ஆண்டிலிருந்து, எந்தக் காலத்தோடு ஒப்பிட்டு? “சரியாக” என்பது மொத்த அளவா, மழை தொடங்கும் நாளா, பெய்யும் நாட்களின் எண்ணிக்கையா? காரணம் இதுதான் என்று கண்டறிந்தவர் யார்? கமக்காரர் ஒருவருக்கு இந்த வேறுபாடுகள் நன்றாகத் தெரியும்: அளவு குறையாமலே, விதைப்பு வேளையில் பெய்யாமல் கதிர் முற்றும் வேளையில் கொட்டினால் போகம் அழியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு, “இன்ன நிலையத்தில் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை பதிவான மழையை ஆராய்ந்த இன்ன ஆய்வு, ஒக்டோபர் மழை இன்னவாறு மாறியதாகக் கூறுகிறது” என்ற வடிவில் வரியை அமையுங்கள். இடைவெளிகளை நிரப்பச் சான்று கிடைக்கவில்லை என்றால், அந்த வரி கட்டுரைக்குச் செல்ல இன்னும் ஆயத்தமாகவில்லை. முதிய கமக்காரர்களை ஆய்வாளர் ஒருவர் முறையாக நேர்கண்டு வெளியிட்டிருந்தால், அந்த வெளியீட்டைச் சான்றாகக் காட்டி அவர்களது அனுபவத்தையும் கட்டுரையில் சேர்க்கலாம்.

நம்பத்தக்க சான்றுகளை எங்கே தேடுவது?

உலகளாவிய செய்திகளுக்கு முதலிடம், 1988 இல் உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து நிறுவிய ஐபிசிசி என்ற அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவின் அறிக்கைகளுக்கு. அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு முடிவுக்கும் எவ்வளவு உறுதி என்பதையும் அக்குழு சேர்த்தே சொல்கிறது. 66 வீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவுக்கு ஒரு சொல், 90 வீதத்துக்கு மேற்பட்டதற்கு இன்னொரு சொல் என வரையறை உண்டு. “நிகழக்கூடும்” என்று அறிக்கை சொல்வதைத் தமிழில் “நிகழும்” என்று எழுதினால், சான்று காட்டியும் பொய் எழுதியவர்களாவோம். தமிழ்க் கட்டுரைகளில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. தயவுசெய்து இதில் மிகுந்த கவனம் எடுங்கள்.

உள்ளூர்ச் செய்திகளுக்கு வளிமண்டலவியல் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றின் வெளியீடுகளும், மாவட்டச் செயலகங்களின் புள்ளிவிபரக் கையேடுகளும் உதவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. இவற்றின் ஆய்விதழ்களில் வன்னியின் நீர், மண், பயிர் பற்றிய கட்டுரைகளைத் தேடலாம். பழைய தமிழ் மலர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் பெருந்துணை. அதற்கும் முந்தைய காலத்துக்கு, ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடு இருக்கிறது. அது ஒரு குடியேற்றக்கால அதிகாரியின் பார்வை என்பதை மறவாமல் பயன்படுத்துங்கள்.

இரண்டு சான்றுகள் முரண்பட்டால் திகைக்க வேண்டாம். இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டு கடந்த நூற்றாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை உயர்த்தப்பட்டது. ஆகவே பழைய நூல் தரும் கொள்ளளவும் புதிய அறிக்கை தரும் கொள்ளளவும் தத்தம் காலத்துக்குச் சரியானவையாக இருக்கலாம். எண்ணோடு ஆண்டையும் எழுதினால் சிக்கல் தீரும். போர்க்காலத்தை உள்ளடக்கிய தரவுத் தொடர் என்றால், இடையில் பதிவு விடுபட்ட ஆண்டுகள் உள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

முகநூல் பதிவும், வைபரில் சுற்றும் குரற்பதிவும், யூடியூப் காணொளியின் தலைப்பும் சான்றாகா.

ஒரு வெள்ளத்தையோ புயலையோ காலநிலை மாற்றத்தின் விளைவு என்று எழுதலாமா?

தனியொரு நிகழ்வைப் பற்றி அப்படி எழுதுவதற்கு, அந்த நிகழ்வையே எடுத்து ஆராய்ந்த காரணங்காண் ஆய்வு ஒன்று வேண்டும். வெப்பமடைந்த உலகில் அந்நிகழ்வு எத்தனை மடங்கு நிகழக்கூடியதாயிற்று, அல்லது அதன் மழை எவ்வளவு கூடியது என்பதைக் கணிக்கும் ஆய்வுகள் அவை. அவை இல்லாதபோது, நிகழ்வையும் பொதுவான அறிவியலையும் வெவ்வேறாக எழுத வேண்டும்.

2018 டிசம்பரில் ஓரிரு நாட்களுக்குள் பெய்த பெருமழையால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதும் பதிவான செய்திகள். காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதும், அதனால் கனமழை மேலும் கனக்கும் என்பதும் நிறுவப்பட்ட இயற்பியல். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் “ஆகவே” என்ற சொல்லால் இணைத்து நீங்களே ஒரு முடிவை எழுதுவது சொந்த ஆய்வாகிவிடும். வெள்ளத்துக்குக் குளத்தின் நீர் முகாமை, வடிகால் அடைப்பு, காடழிப்பு, தாழ்நிலக் குடியிருப்பு ஆகியவையும் காரணமாகக் கூடும். எல்லாவற்றையும் வானத்தின்மேல் போட்டுவிட்டால், மனிதர் திருத்தக்கூடிய காரணங்கள் மறைந்துபோகும்.

2020 டிசம்பரில் திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்து வன்னியூடாகச் சென்ற புரெவிப் புயலுக்கும், 2025 நவம்பர் இறுதியில் இலங்கை முழுவதையும் உலுக்கிய டித்வா புயலுக்கும் இதே விதிதான். அண்மைய பேரிடர்களில் இன்னொரு கவனமும் வேண்டும்: முதல் நாட்களில் வரும் உயிரிழப்பு, இடப்பெயர்வு எண்ணிக்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். எத்திகதி நிலவரம் என்பதைக் குறிப்பிடாமல் எழுதாதீர்கள். அந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் காலநிலைப் பேரிடர்களின் பட்டியலில் சேர்த்துவிடும் பழக்கமும் உண்டு. முல்லைத்தீவை அழித்த அந்த அலை சுமாத்திராவை அடுத்த கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலையோடு அதற்குத் தொடர்பில்லை. எங்காவது அப்படி எழுதப்பட்டிருந்தால், அதை நீக்குவதே உங்கள் முதல் நற்பணியாக அமையலாம்.

நடுநிலை என்றால், காலநிலை மாற்றத்தை மறுப்பவர்களுக்கும் சரிபாதி இடம் தர வேண்டுமா?

வேண்டியதில்லை. நடுநிலை என்பது சான்றின் எடைக்கேற்ப இடம் தருவது. சில வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுகின்றன என்பதை 1859 இல் ஜோன் டின்டால் ஆய்வுகூடத்தில் அளந்தார். காபனீரொட்சைட்டு கூடினால் புவி எவ்வளவு வெப்பமடையும் என்று 1896 இல் சுவாந்தே அரேனியசு கணித்தார். மனிதச் செயற்பாடு வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியுள்ளது என்பதில் ஐயமில்லை என 2021 இல் ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை கூறியது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020 காலத்தில் புவியின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் வெப்பமடைந்திருந்தது. இத்தகைய சான்றுக்கு எதிரே ஓர் இணையப் பதிவின் ஐயத்தைச் சமமாக வைப்பது நடுநிலை ஆகாது.

ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி வேறு. அங்கே மதிப்பீடுகளும் நலன்களும் உண்மையாகவே வேறுபடுகின்றன. மன்னார் தீவில் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைப் பூங்காவில் 30 காற்றாலைகள் உள்ளன. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 100 மெகாவாற்று. எரிபொருளை எரிக்காமல் மின்சாரம் தருவது அதன் பயன். தீவில் மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கு ஊர் மக்கள் 2025 இல் நீண்ட போராட்டம் நடத்தினார்கள். வெள்ளநீர் வடிவது, மீன்பிடி, வலசை வரும் பறவைகள் ஆகியன பற்றி அவர்கள் கவலை எழுப்பினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நிற்பவராயினும், இரு தரப்பின் வாதத்தையும், யார் சொன்னது என்பதோடு எழுத வேண்டும். தன் நிலைப்பாட்டை வாசகர் ஊகிக்க முடியாதபடி எழுதுபவரே சிறந்த தொகுப்பாளர் என்பது எனது உறுதியான எண்ணம்.

வயல்கள் மெதேனை வெளியிடுகின்றன என்று எழுதினால், எங்கள் கமக்காரரைக் குற்றவாளியாக்குவதாகாதா?

உண்மையை விட வேண்டாம்; அளவையும் சேர்த்து எழுதுங்கள். நீர் தேங்கி நிற்கும் வயல் மண்ணில் ஒட்சிசன் இல்லாத நிலையில் வாழும் நுண்ணுயிர்கள், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவான மெதேனை உருவாக்குகின்றன. நீரை இடையிடையே வடியவிட்டு மீண்டும் பாய்ச்சினால் அது குறைகிறது. அதே கட்டுரையில், இலங்கையின் தலைக்குரிய காபனீரொட்சைட்டு வெளியேற்றம் உலகச் சராசரியை விட மிகக் குறைவு என்பதும், உலக வெப்பமடைதலுக்கு முதன்மைக் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பது என்பதும் இடம்பெற வேண்டும். இவை மூன்றும் சேர்ந்திருக்கும்போது எவரும் தவறாகக் குற்றஞ்சாட்டப்படுவதில்லை.

முதல் திருத்தமாக எதைச் செய்வது? எந்தப் பொத்தானை அழுத்துவது?

புதிய கட்டுரையோடு தொடங்காதீர்கள். கணக்கு உருவாக்கிப் புகுபதிகை செய்தபின், மணல்தொட்டி எனப்படும் உங்கள் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். அங்கே எதையும் கெடுத்துவிட முடியாது. பிறகு ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றில் எழுத்துப்பிழை திருத்துங்கள், அல்லது சான்று இல்லாத ஒரு வரிக்குச் சான்று சேருங்கள். பக்கத்தின் மேலே “தொகு” என்பதை அழுத்தினால் எழுதும் பெட்டி திறக்கும். சேமிக்கும் முன் “சுருக்கம்” என்ற இடத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். “ஆண்டு திருத்தம், சான்று சேர்ப்பு” என்றாலே போதும்.

சேமித்ததும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்குச் சென்று உங்கள் மாற்றத்தைப் பாருங்கள். இடப்பக்கம் பழைய வடிவம், வலப்பக்கம் உங்களுடையது. மாறிய சொற்கள் நிறமிட்டுத் தெரியும். எந்த வரியை யார், எப்போது சேர்த்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். பழைய வடிவத்துக்கு எவரும் திரும்ப முடியும் என்பதால், கைபட்டு எதுவும் அழிந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை.

தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரையை ஒட்டினேன். ஆங்கில எழுத்துகளாக வருகிறது. ஏன்?

நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். நமது அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்றும் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். அந்த எழுத்துருவில் திரையில் “அம்மா” என்று தெரிந்தாலும், கணினிக்குள் பதிந்திருப்பது “அ” அன்று, அதற்கு நேரான ஆங்கில எழுத்து. இணையத்துக்கு ஒருங்குறி (யூனிகோடு) வேண்டும். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்றெழுத்துகளையும் ஒகர ஓகாரங்களையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். இனி எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுவது நல்லது. பாமினியில் கைபழகியவர்கள் அதே விசைப்பலகை ஒழுங்கில் ஒருங்குறியாகத் தட்டச்சு செய்யவும் மென்பொருள் உண்டு.

ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தால் மொழிபெயர்த்துப் போடலாமா?

அப்படியே போடக் கூடாது. 2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டம் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் நீண்ட கட்டுரைகள் பல சேர்ந்தன. அவற்றில் பலவற்றின் நடை படிக்க முடியாதபடி இருந்ததால், தன்னார்வலர்கள் நெடுங்காலம் அவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளின் நடை சரளமாக இருக்கிறது. பிழை எளிதில் கண்ணில் படாது என்பதே அவற்றின் ஆபத்து. செயற்கை நுண்ணறிவு தரும் சான்று உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆங்கிலக் கட்டுரையிலிருந்து பெயர்த்தெடுத்தால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைச் சுருக்கத்தில் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை.

நான் காபனீரொட்சைட்டு என்று எழுதினால் தமிழ்நாட்டவர் மாற்றிவிடுவார்களே?

காபனீரொட்சைட்டு என்ற இலங்கை வழக்கு, கார்பன் டை ஆக்சைடு என்ற தமிழ்நாட்டு வழக்கு ஆகிய இரண்டும் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்புடையவை. முதல் தடவை வரும் இடத்தில் மற்ற வழக்கையும் சேர்த்து எழுதுங்கள். தலைப்பு என்றால், மற்ற வழக்கில் தேடுபவரையும் அதே கட்டுரைக்குக் கொண்டுசெல்லும் வழிமாற்றுப் பக்கம் ஒன்றை உருவாக்குங்கள். இதற்காகச் சண்டையிடுவது நேர விரயம்.

என் திருத்தத்தை யாரோ நீக்கிவிட்டார். என்ன செய்வது?

உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். வரலாற்றுப் பக்கத்தில் நீக்கியவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் சான்று இன்மையோ, பத்திரிகைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் படியெடுத்தமையோ காரணமாக இருக்கும். காரணம் விளங்காவிட்டால் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள். பொதுவான ஐயங்களை ஆலமரத்தடி என்ற பக்கத்தில் இடலாம். அங்கே பதில் தருபவர்களும் வேலை முடித்து வந்து எழுதும் தன்னார்வலர்கள். இரண்டொரு நாள் பொறுத்திருங்கள்.

நான் அரசசார்பற்ற நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். எங்கள் மரநடுகைத் திட்டம் பற்றி எழுதலாமா?

ஊதியம் பெற்று எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனத்தின் பயன்பாட்டு விதி. அறிவித்தாலும், உங்கள் நிறுவனத்தைப் பற்றி நீங்களே கட்டுரையில் எழுதுவதைத் தவிர்த்து, உரையாடல் பக்கத்தில் சான்றோடு முன்மொழிவது நல்லது. நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட, சில ஆண்டுகளின் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதே வாசகருக்கு வேண்டிய தகவல். உங்கள் பணிக்குத் தொடர்பில்லாத கண்டல் காடுகள், நந்திக்கடல், சுண்டிக்குளம் போன்ற தலைப்புகளில் உங்கள் கள அறிவு மிகவும் தேவைப்படுகிறது.

எழுத வராது, படம் எடுப்பேன். அது உதவுமா?

பேருதவி. சான்றில்லாத சொந்த அனுபவத்துக்கு இடமில்லாத விக்கிப்பீடியா, நீங்களே எடுத்த படத்தை வரவேற்கிறது. முத்தையன்கட்டின் வற்றிய அலைகரை, வவுனிக்குளத்தின் துருசு, வான்பாயும் கலிங்கு, கொக்கிளாயில் அரிக்கப்பட்ட கரை என எதுவாயினும், எடுத்த திகதியையும் இடத்தையும் தெளிவாக எழுதி, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேமிக்கப்படும் பொதுவகம் என்ற தளத்தில் பதிவேற்றுங்கள். ஒரே இடத்தை ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் எடுத்தால் அதன் பெறுமதி பன்மடங்காகும். படத்துக்குக் கீழே “காலநிலை மாற்றத்தால் வற்றிய குளம்” என்று எழுதாமல், “இன்ன மாதம், இன்ன ஆண்டில் குளத்தின் நிலை” என்று மட்டும் எழுதுங்கள். முகநூலில் பிறர் இட்ட படத்தைப் பதிவேற்றுவது உரிமை மீறல். துயரத்தில் இருப்பவர்களின் முகங்களை, அவர்களுடைய சம்மதமின்றி எடுக்கவே வேண்டாம்.

பாடசாலையில் மாணவர்களைச் சேர்த்து ஒரு நாள் பயிற்சி நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகள் மட்டுமே உருவாக்கலாம் என்ற வரம்பு உண்டு. வகுப்பு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குத் தொடங்க முயன்றால், ஏழாவது மாணவரோடு வேலை நின்றுவிடும். ஆகவே கணக்குகளை முன்கூட்டியே வீட்டில், வெவ்வேறு இணைப்புகளிலிருந்து உருவாக்கச் சொல்லுங்கள். இயலாவிட்டால் ஆலமரத்தடியில் முன்னரே அறிவித்து உதவி கேளுங்கள். சான்றாகப் பயன்படக்கூடிய நூல்களையும் அறிக்கைகளையும் அன்றைக்கு மேசையில் அடுக்கி வைப்பது முக்கியம். அவை இல்லாவிட்டால் பிள்ளைகள் தேடுபொறியில் முதலில் வருவதைப் படியெடுப்பார்கள். ஒரு மாணவருக்கு ஒரு பந்தி, அதற்கு ஒரு சான்று என்ற அளவே ஒரு நாளுக்குப் போதுமானது. பயிற்சி முடிந்தபின் வரும் இரண்டு கிழமைகளுக்கு ஆசிரியர் ஒருவர் அந்தக் கட்டுரைகளைத் தமது கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்து, பிறர் இடும் திருத்தங்களையும் கேள்விகளையும் மாணவர்களிடம் கொண்டு சேர்க்க வேண்டும்.